மக்காச்சோளத்தின் நூற்றாண்டு – 9: டெக்சாஸ் தாய்வழி

1969-ல் அமெரிக்க விவசாயி ஏக்கருக்குச் சராசரியாக 85.9 புஷல் மக்காச்சோளம் அறுத்தார். மறு ஆண்டு அது 72.4 புஷலாக இறங்கியது. மக்காச்சோளக் கணக்கில் ஒரு புஷல் 25 கிலோவுக்குச் சற்று மேல். ஆக, ஏக்கருக்கு 340 கிலோ போல வயலிலேயே போயிற்று. நாட்டின் மொத்த விளைச்சலில் சுமார் 15 விழுக்காடு, அன்றைய மதிப்பில் ஏறக்குறைய நூறு கோடி டாலர். இலைக்கருகல் நோய் என்று பாடப்புத்தகங்கள் இதை இரண்டு பத்தியில் முடித்துவிடும்: ஒரே ரகத்தை நாடெங்கும் விதைத்தார்கள், நோய் வந்தது, எல்லாம் போயிற்று. இந்த விளக்கத்தில் பாதிதான் உண்மை. அந்த ஆண்டு அமெரிக்க வயல்களில் நின்றது ஒரே ரகம் அல்ல. டஜன் கணக்கான விதைக் கம்பெனிகளின் நூற்றுக்கணக்கான ஒட்டு ரகங்கள் நின்றன. உயரம், முதிரும் நாள், கதிரின் பருமன் எல்லாம் வேறுவேறு. அவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பொதுவாக இருந்தது ஒன்றே ஒன்று. ஆண் பூ மகரந்தம் தராமல் இருப்பதற்காகத் தேர்ந்தெடுத்த ஒரு தாய்வழி அது. மகரந்தத்தை நிறுத்திய காரணமும் நோயை உள்ளே விட்ட காரணமும் ஒரே மரபணுவே என்பதும், மகசூலை மட்டும் அளந்த சோதனைகள் அதைக் காட்டியிருக்கவே முடியாது என்பதும்தான் இந்த அத்தியாயத்தின் வாதம்.

சென்ற அத்தியாயங்களில் ஷல்லின் தூய வரிசைகளையும் டொனால்ட் ஜோன்ஸின் இரட்டை ஒட்டையும் பார்த்தோம். அவர்கள் தீர்க்காமல் விட்ட நடைமுறைத் தொல்லை ஒன்று உண்டு. மக்காச்சோளச் செடியின் உச்சியில் ஆண் பூங்கொத்து விரிகிறது. இடுப்பளவில் கதிர் பிடித்து, அதன் நுனியில் பட்டு நூல்கள் தொங்குகின்றன. ஒரு நூல் ஒரு மணிக்கு. காற்றில் வரும் ஒரு மகரந்தத் துகள் நூலில் ஒட்டி, நூலின் முழு நீளமும் குழாய் வளர்த்து இறங்கினால்தான் அந்த மணி பிடிக்கும். ஒரு பூங்கொத்து பல லட்சம் துகள்களைக் கொட்டுகிறது. இவ்வளவு தாராளம் விதை உற்பத்தியாளருக்குத் தலைவலி. ஒட்டு விதை வேண்டுமென்றால் தாய் வரிசைச் செடி தன் மகரந்தத்தாலோ பக்கத்துச் சகோதரியின் மகரந்தத்தாலோ சூல் பிடிக்கக் கூடாது. ஆகவே தாய் வரிசையிலுள்ள ஒவ்வொரு செடியின் ஆண் பூங்கொத்தையும் அது மலர்வதற்கு முன் பிடுங்கியாக வேண்டும். எல்லாச் செடியும் ஒரே நாளில் பூ விடாது. அதனால் அதே வயலில் மீண்டும் மீண்டும் நடக்க வேண்டும். ஜூலை வெயில், சேறு, கையைக் கிழிக்கும் இலை விளிம்பு. பள்ளி விடுமுறையில் இருக்கும் பிள்ளைகளைக் கும்பல் கும்பலாக லாரியில் ஏற்றிக் கொண்டுபோய் இந்த வேலையைச் செய்வித்தார்கள். இரண்டு நாள் அடைமழை பிடித்து ஆள் இறங்க முடியாமல் போனால், பிடுங்காமல் விட்ட பூங்கொத்துகள் அந்த வயலின் விதையைக் கெடுத்துவிடும்.

பூங்கொத்தே மகரந்தம் தராத செடி கிடைத்தால் இந்த வேலை முழுதும் மிச்சம். அப்படி ஒரு செடி விதைக் கம்பெனிகளுக்குத் தேவைப்படுவதற்கு வெகு முன்பே, 1931-ல், மார்கஸ் ரோட்ஸ் அதைப் பற்றி எழுதிவிட்டார். பெருவிலிருந்து வந்த மக்காச்சோளத்தில் ஆண் மலட்டுத்தன்மையைக் கண்ட அவர், அது உட்கருவில் இருக்கிறதா என்று சோதித்த முறை அழகானது. மலட்டுச் செடியைத் தாயாக வைத்து, அடையாள மரபணுக்கள் கொண்ட இயல்பான செடிகளின் மகரந்தத்தைத் தலைமுறை தலைமுறையாக ஏற்றி, அதன் பத்துக் குரோமோசோம்களையும் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தார். பத்தும் மாறிய பிறகும் மலடு மலடாகவே இருந்தது. ஆக, மலட்டுத்தன்மை உட்கருவில் இல்லை. உட்கருவைச் சூழ்ந்த சைட்டோபிளாசத்தில் இருக்கிறது. அதைத் தருவது தாய் மட்டுமே; மகரந்தம் வழியாக அது கடப்பதில்லை. பண்ணைக்கு உதவும் கண்டுபிடிப்பு என்று அன்று யாரும் இதைக் கொண்டாடவில்லை. மெண்டலின் விதிகளுக்கு அடங்காத ஒரு விநோதம் என்றே அது நின்றது.

பண்ணைக்கு உதவிய மலடு வேறு இடத்தில் கிடைத்தது. டெக்சாஸில் விளைந்த கோல்டன் ஜூன் என்ற பழைய ரகத்தில் 1940-களில் ஒரு தாய்வழி அகப்பட்டது. ஜான் ரோஜர்ஸும் எட்வர்ட்சனும் 1952-ல் அதைக் கொண்டு ஒட்டு விதை எடுக்கும் முறையை வெளியிட்டார்கள். டெக்சாஸ் சைட்டோபிளாசம், சுருக்கமாக டி சைட்டோபிளாசம் என்று பெயர் நிலைத்தது. எந்த ஊர் வெப்பத்திலும் ஈரத்திலும் தளராத மலடு என்பது அதன் சிறப்பு. மற்ற மலட்டுத் தாய்வழிகள் ஒரு பருவத்தில் மலடாக நின்று இன்னொரு பருவத்தில் கொஞ்சம் மகரந்தம் உதிர்த்துவிடும். விதைத் தொழிலுக்கு அது ஆகாது. டி அப்படி ஏமாற்றவில்லை.

ஆனால் விவசாயியின் வயலில் மலடு இருக்க முடியாதே. அங்கே மகரந்தம் இல்லையென்றால் கதிர் வெறும் நெட்டி. தொடக்கத்தில் மலட்டு விதையோடு பழைய முறையில் எடுத்த விதையையும் கலந்து விற்றுச் சமாளித்தார்கள். நிலையான தீர்வைத் தந்தவை வளமீட்பு மரபணுக்கள். தந்தை வரிசையின் உட்கருவில் இரண்டு குறிப்பிட்ட மரபணுக்கள் இருந்தால், தாயிடமிருந்து டி சைட்டோபிளாசம் வந்திருந்தாலும் பிள்ளைச் செடி நன்றாக மகரந்தம் உதிர்க்கும். இந்த முறைக்கு ஜோன்ஸ் 1956-ல் காப்புரிமை பெற்றார். பொதுப்பணத்தில் நடக்கும் ஆய்வு நிலையத்தில் பிறந்த அறிவுக்குக் காப்புரிமையா என்று சக விஞ்ஞானிகள் முகம் சுளித்தார்கள். அந்தச் சண்டை வேறு கதை. நமக்கு வேண்டியது இதன் விளைவு: விவசாயியின் வயலில் நின்ற செடி பார்வைக்கு எந்தக் குறையும் இல்லாத செடி. பூங்கொத்து விரிந்தது, மகரந்தம் பறந்தது, மணி பிடித்தது. உள்ளே இருந்த தாய்வழி மட்டும் மாறவில்லை. வீட்டுக்கு வீடு கதவும் ஜன்னலும் வேறாக இருந்தும் சுவருக்குள் ஓடும் மின்கம்பி எல்லாம் ஒரே கம்பெனிச் சரக்காக இருந்த நகரம் போல ஆயிற்று அமெரிக்க மக்காச்சோளப் பரப்பு. 1970-ல் அந்நாட்டு மக்காச்சோளத்தில் சுமார் 85 விழுக்காட்டில் ஓடியது டி சைட்டோபிளாசம்.

இதைக் கண்ணை மூடிக்கொண்டு பரப்பினார்கள் என்று சொல்வது அநியாயம். சைட்டோபிளாசம் மகசூலைப் பாதிக்கிறதா என்ற கேள்வியைக் கேட்டார்கள், வயல்களில் சோதித்தார்கள், சரியான பதிலும் கிடைத்தது. பயனியர் கம்பெனியின் டொனால்ட் டுவிக் மலட்டு ஒட்டுகளையும் அதே உட்கரு கொண்ட இயல்பான ஒட்டுகளையும் அருகருகே வளர்த்து ஒப்பிட்டு 1958-ல் முடிவுகளை வெளியிட்டார். மலட்டுச் செடிகள் பொதுவாகப் பின்தங்கவில்லை. நெருக்கி நட்ட இடத்திலும் செடி வாடும் சூழலிலும் அவை ஒரு படி மேலே நின்றதாக அவருடைய சோதனைகளும் அடுத்து வந்த பிறர் சோதனைகளும் காட்டின. காரணம் புரியாத புதிர் அல்ல. மகரந்தம் இலவசமாக வருவதில்லை. அதற்குத் தழைச்சத்தும் மாவுச்சத்தும் செலவாகின்றன. செடி நெருக்கடியில் இருக்கும்போது உச்சிப் பூங்கொத்து முதலில் தன் பங்கை எடுத்துக்கொள்ள, கீழே கதிரின் நூல் வெளிவரத் தாமதமாகிறது. நூல் வரும் நேரத்தில் மகரந்தம் தீர்ந்துவிட்டால் கதிரில் பல் விழுந்தது போல இடைவெளி. மகரந்தம் செய்யும் செலவு இல்லாத செடியில் அந்தச் சத்து கதிருக்குப் போகிறது. அடுத்து வந்த பல பத்தாண்டுகளில் பயிர்ப் பெருக்க நிபுணர்கள் மகசூலைத் தேடித் தேடித் தேர்வு செய்ததில் ஒட்டு ரகங்களின் பூங்கொத்து தானாகவே சிறுத்துக்கொண்டு வந்ததும் இதே கணக்கின் இன்னொரு சாட்சி. மகரந்தம் குறைந்தால் மகசூல் குறையும் என்ற சாதாரண எண்ணம் மக்காச்சோளத்தில் ஓரளவுக்கு மேல் செல்லாது.

அப்படியானால் சோதனையில் தவறு எங்கே? மகசூல் சோதனை ஒரு செடியை அதன் அன்றைய எதிரிகளோடு சேர்த்தே அளக்கிறது. அந்த வயலில், அந்த ஆண்டு இல்லாத எதிரியைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. 1958-ல் அயோவாவில் டி சைட்டோபிளாசத்துக்குக் குறிப்பான எதிரி கண்ணில் படும் அளவுக்கு இல்லை. 1961-ல் பிலிப்பைன்ஸில் இருந்தது. அங்கே மெர்காடோவும் லாண்டிகனும் டி சைட்டோபிளாசம் கொண்ட வரிசைகள் இலைக்கருகலுக்கு மிக எளிதில் இரையாகின்றன என்று அச்சில் எழுதினார்கள்; 1965-ல் வில்லாரியலும் லாண்டிகனும் மறுபடி எழுதினார்கள். அமெரிக்காவில் அந்த எச்சரிக்கையைப் படித்தவர்கள் இருந்தார்கள். உள்நாட்டுப் பூஞ்சையைக் கொண்டு சோதித்தும் பார்த்தார்கள். வேறுபாடு சொற்பமாகவே தெரிந்தது. வெப்பமண்டல ஈரத்தில் நேர்வது இங்கே நேராது என்று முடிவு கட்டினார்கள். லாப வெறியில் எச்சரிக்கையைக் குப்பையில் போட்டார்கள் என்ற குற்றச்சாட்டு இதனால் பெருமளவு வலுவிழக்கிறது. ஆனால் முழுதாக விழவில்லை. ஒரு கண்டத்தில் நிரூபணமான பலவீனம் இன்னொரு கண்டத்தில் தென்படவில்லை என்றால் அதற்கு இரண்டு பொருள் உண்டு: பலவீனம் அங்கே இல்லை, அல்லது அதைப் பயன்படுத்தும் பூஞ்சை இன்னும் அங்கே வந்து சேரவில்லை. இரண்டில் எது என்று தெரியாத நிலையில் நாட்டின் பயிரில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் அதில் ஏற்றியது விஞ்ஞானம் எடுத்த முடிவு அல்ல. ஒவ்வொரு கம்பெனியும் தன் கூலிச் செலவைத் தனித்தனியே கணக்கிட்டது. மொத்தத்தைக் கூட்டிப் பார்க்கும் பொறுப்பு எவரிடமும் இல்லை.

எதிரி வந்து சேர்ந்தது. இலைக்கருகல் பூஞ்சையின் பழைய இனம் இலையோடு நிற்கும். நீளவாக்கில் சிறு புள்ளிகள் இட்டுவிட்டுப் போகும். புதிய இனத்துக்கு டி இனம் என்றே பெயரிட்டார்கள். அது இட்ட பழுப்புப் புண்கள் பெரிதாகி, ஓரத்தில் மஞ்சள் படர்ந்து, இலையைத் தாண்டித் தண்டுக்கும் கதிரின் மேல்தோலுக்கும் இறங்கின. தோலை உரித்தால் மணிகள் மேல் கருஞ்சாம்பல் பூசணம் படிந்திருக்கும். ஈரமும் வெப்பமும் கூடினால் சில நாட்களிலேயே ஒரு புண் அடுத்த தலைமுறை வித்துகளைக் காற்றில் விடும். 1970-ன் தொடக்கத்தில் ஃபுளோரிடாவில் தெரிந்தது. வசந்தத்தில் வளைகுடாக் கரை மாநிலங்கள். கோடையின் நடுவில் இல்லினாயும் இண்டியானாவும். பருவம் முடியுமுன் கனடா எல்லை. ஆகஸ்டில் சிகாகோ தானியச் சந்தையில் மக்காச்சோள விலை எகிறியது. தெற்கே சில வயல்களில் அறுக்கவே ஒன்றும் மிஞ்சவில்லை. பழைய மாதிரிகளைப் பின்னர் எடுத்துப் பார்த்தபோது, இந்த இனம் 1968-லேயே அயோவாவில் இருந்தது தெரியவந்தது.

அந்த ஆண்டு வானிலைதான் காரணம், சைட்டோபிளாசம் மேல் பழி போடுவது மிகை என்று ஒரு மறுப்பு அன்றே எழுந்தது. சூடும் ஈரமும் கூடிய கோடை பூஞ்சைக்குத் துணை நின்றது உண்மை. ஆனால் வானிலை வேலி பார்த்துப் பெய்வதில்லை. அதே மழையில், பக்கத்து வயலில், அதே உட்கரு கொண்டு இயல்பான சைட்டோபிளாசத்தோடு நின்ற செடிகள் சிறு தழும்போடு தப்பின. ஒப்பிடத்தக்க ஜோடிகள் நாடெங்கும் கண் முன்னே நின்றன. இல்லினாய் பல்கலைக்கழகத்தின் ஆர்தர் ஹூக்கர் குழுவினர் டி இனப் பூஞ்சை டி சைட்டோபிளாசத்தைக் குறிவைப்பதை அதே ஆண்டில் பசுமைக் கூடத்திலும் காட்டிவிட்டார்கள். வானிலை தீயை விசிறியது என்று சொல்லலாம். விறகு எது என்பதில் ஐயம் இல்லை.

அடுத்து வந்த மறுப்பு நுட்பமானது, எனக்கு மிகவும் பிடித்ததும் கூட. மலட்டுத்தன்மையும் நோய்க்கு இரையாவதும் ஒரே சைட்டோபிளாசத்தில் தற்செயலாக அடுத்தடுத்து அமைந்த இரண்டு குணங்களாக இருக்கலாமே. பொறுமையாகத் தேடினால், மலடாகவும் நோயைத் தாங்குவதாகவும் உள்ள செடியைப் பிரித்தெடுக்கலாமே? இதை நம்பிப் பலர் உழைத்தார்கள். மினசோட்டாவில் கெங்கன்பாக்கும் கிரீனும் டி சைட்டோபிளாசச் செடியின் திசுவைக் கண்ணாடிக் குடுவையில் வளர்த்து, அதில் பூஞ்சையின் நச்சைச் சிறிது சிறிதாகக் கூட்டினார்கள். பெரும்பாலான செல்கள் செத்தன. தாக்குப்பிடித்தவற்றிலிருந்து முழுச் செடி எழுப்பினார்கள். நச்சைத் தாங்கும் செடி கிடைத்தது. பூத்தபோது மகரந்தமும் உதிர்த்தது. வேறு ஆய்வகங்களில் நச்சே சேர்க்காமல் வளர்த்த திசுவிலும் இதுவே நடந்தது: மகரந்தம் திரும்பிய செடி நச்சைத் தாங்கியது, நச்சைத் தாங்கிய செடி மகரந்தம் தந்தது. ஒன்றை விட்டு மற்றொன்று மட்டும் வரவே இல்லை.

ஏன் வரவில்லை என்பதற்கான விடை 1986-ல் வடக்குக் கரோலினாவிலிருந்து வந்தது. டூயி, லெவிங்ஸ், டிமோதி மூவரும் டி சைட்டோபிளாசத்தின் மைட்டோகாண்ட்ரியாவில் ஒரு விசித்திர மரபணுவைப் படித்தார்கள். வேறு மரபணுக்களின் துண்டு துணுக்குகள் தற்செயலாக ஒட்டிக்கொண்டு உருவான மரபணு அது. ஏற்கெனவே புரதம் எதையும் குறிக்காத துண்டுகள் சேர்ந்து ஒரு சிறு புரதத்துக்கு வழி வகுத்திருந்தன. அந்தப் புரதம் மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் போய் உட்காருகிறது. இலையிலும் வேரிலும் இருந்தாலும் தொல்லை இல்லை. ஆனால் பூவின் மகரந்தப் பையின் உள் உறையில், வளரும் துகள்களுக்கு ஊட்டம் தரும் செல்களில், மைட்டோகாண்ட்ரியாக்கள் பன்மடங்கு பெருகி உச்ச வேகத்தில் வேலை செய்ய வேண்டிய நேரத்தில் அவை சிதைகின்றன. உறை கலைகிறது, துகள் பட்டினியில் சாகிறது. பூஞ்சையின் நச்சு இதே புரதத்தில் ஒட்டினால் சவ்வில் துளை விழுகிறது. அப்போது எந்தச் செல்லானாலும் மைட்டோகாண்ட்ரியா கசிந்து செயலிழக்கிறது. மரபணுவைப் பாக்டீரியாவுக்குள் வைத்து நச்சைக் கொடுத்தபோது பாக்டீரியாவும் மடிந்தது. குடுவையிலிருந்து எழுந்த மகரந்தச் செடிகளை இந்த வெளிச்சத்தில் பார்த்தால், அநேகமாக அனைத்திலும் அந்த மரபணு காணாமல் போயிருந்தது. ஒரே ஒரு செடியில் மட்டும் மரபணு இருந்தது, ஆனால் நடுவில் ஐந்து எழுத்துகள் புகுந்து புரதம் பாதியில் நின்றிருந்தது. இதைவிடச் சுத்தமான சாட்சி மரபியலில் அபூர்வம். மஞ்சள் இலைக்கருகல் தரும் இன்னொரு பூஞ்சையின் நச்சும், மெத்தோமில் என்ற பூச்சிக்கொல்லியும் டி செடிகளை மட்டும் வாட்டியதற்கும் இதே புரதம்தான் காரணம். வளமீட்பு மரபணுக்களில் ஒன்று இந்தப் புரதத்தின் அளவைக் குறைக்கிறது, ஆனால் முற்றாக ஒழிப்பதில்லை. மற்றொன்று அளவைத் தொடவே இல்லை. மகரந்தம் மீண்டும் வந்த வயல்களும் நோயில் கருகியதன் காரணம் இதுதான்.

இன்னொரு கேள்வியும் உண்டு: 15 விழுக்காடு இழப்பு, மறு ஆண்டே மகசூல் 88.1 புஷலாக ஏறிவிட்டது; இதற்கு இவ்வளவு ஆரவாரமா? மீட்சி வேகமாக நடந்தது உண்மை, ஆனால் அது எப்படி நடந்தது என்று பார்க்க வேண்டும். மலட்டுத் தாயைப் பெருக்க வேண்டுமென்றால் அதே உட்கரு கொண்ட, இயல்பான சைட்டோபிளாசமுள்ள இணை வரிசை ஒன்று எப்போதும் கையில் இருக்க வேண்டும். மகரந்தம் தருவது அதுவே. டி முறையைப் பயன்படுத்திய ஒவ்வொரு கம்பெனியும், நோய்க்கான மாற்றுமருந்தை அறியாமலே தன் கிடங்கில் வைத்திருந்தது. 1970 குளிர்காலத்தில் ஹவாயிலும் தென் அமெரிக்காவிலும் அந்த இணை வரிசைகளை அவசரமாகப் பெருக்கினார்கள். 1971-ல் கிடைத்த நல்ல விதை போதவில்லை. கலப்பு விதையும் விற்றது. கோடை அவ்வளவு ஈரமாக இல்லாமல் போனது அதிர்ஷ்டம். விதை வயல்களில் பிள்ளைகள் மறுபடி லாரி ஏறினார்கள். பின்னாளில் பூங்கொத்தை வெட்டியும் இழுத்தும் எடுக்கும் இயந்திரங்கள் வந்தன, மிச்சத்தை இன்றும் கையால்தான் பிடுங்குகிறார்கள்.

அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகம் 1972-ல் வெளியிட்ட அறிக்கை, மற்றப் பயிர்களிலும் மரபு அடித்தளம் குறுகிக் கிடப்பதைக் கணக்கெடுத்தது. அதைப் படித்த பலர், தாய்வழி மலட்டுத்தன்மை என்றாலே ஆபத்து என்று பொருள் கொண்டார்கள். இந்தியாவில் அந்தப் பாடம் உடனே தவறாகப் பயன்பட்டது. ஜார்ஜியாவின் டிஃப்டனில் கிளென் பர்ட்டன் உருவாக்கிய டிஃப்ட் 23ஏ என்ற மலட்டுத் தாயைக் கொண்டு லூதியானாவில் அத்வால் உருவாக்கிய எச்.பி. 1 கம்பு 1965-ல் வெளியானது; அதே தாயிடமிருந்து மேலும் சில ஒட்டுகள் தொடர்ந்தன. 1970-களின் தொடக்கத்தில் அடிச்சாம்பல் நோய் அவற்றைச் சூறையாடியபோது, மக்காச்சோளத்தை நினைத்துப் பழி நேராகச் சைட்டோபிளாசத்தின் மேல் விழுந்தது. பிறகு நடந்த ஒப்பீடுகளில், நோய்க்கு இரையானது டிஃப்ட் 23ஏ-யின் உட்கரு என்று தெரிந்தது; அதே சைட்டோபிளாசத்தில் நோய் தாங்கும் உட்கருவை ஏற்றியபோது கம்பு பிழைத்தது. நெல்லில் இன்னும் வேறு விதம். அமெரிக்க வயல்கள் கருகிய அதே 1970-ன் நவம்பரில், சீனாவின் ஹைனான் தீவில் யுவான் லாங்பிங்கின் குழுவினர் காட்டு நெல் ஒன்றில் ஆண் மலடு கண்டார்கள். அந்த ஒரே தாய்வழி மீது பல கோடி ஏக்கர் ஒட்டு நெல் பல பத்தாண்டுகள் நின்றது, மக்காச்சோளத்துக்கு நேர்ந்தது போல எதுவும் நேரவில்லை. சைட்டோபிளாசம் ஒன்றாக இருப்பதே நோயை வரவழைப்பதில்லை. எந்தப் புரதம், அதைத் தொடத் தெரிந்த பூஞ்சை எது, அது எப்போது காற்றேறும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இந்த மூன்றில் முதலாவதை ஆய்வகத்தில் முன்கூட்டியே படிக்க முடியும். 1958-ல் டுவிக்கிடம் அதற்கான கருவி இல்லை. ஹைனான் நெல்லின் கதையை அடுத்த இதழில் தொடர்வோம்.